மலைநாட்டுப் பள்ளிகளுக்கு ஏற்ற காணொளி: சுருக்குமுறையைத் தேர்ந்தெடுக்கும் விதம்

ஒரு பொருளைப் பற்றிப் பலமுறை சொல்லக் கேட்பதைக் காட்டிலும், அதனை ஒருமுறை கண்ணால் காண்பது மாணவரின் உள்ளத்தில் நன்கு பதியும் என்பது ஆசிரியர் யாவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை. விவசாய விஸ்தரிப்பு ஊழியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இதனை நன்கு உணர்வர். ஏலச்செடியைத் தாக்கும் அழுகல் நோயின் அறிகுறி எவ்வாறு இருக்கும் என்பதை ஒரு பக்க அளவில் எழுதி விளக்குவதைவிட, அரை நிமிஷக் காணொளியில் காட்டிவிடலாம். ஆனால், காட்டுகிறவர் கையில் நன்றாக ஓடும் காணொளி, காண்கிறவர் கையில் ஓடாமற் போகுமாயின், அம்முயற்சி முழுவதும் வீணாகும். இவ்வாறு நேர்வதற்குரிய காரணங்களையும், நேராமல் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சூரியநெல்லியின் நிலைமை

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் ஊராட்சியில், தமிழ்நாட்டின் எல்லைக்கு அண்மையில் அமைந்த தோட்டப் பகுதி சூரியநெல்லி. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் வண்டிகள் இங்கிருந்தே ஏறுகின்றன. தேயிலையும் ஏலமும் விளையும் இம்மலைகளில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரு மாநிலங்களிலிருந்தும் காணொளிப் பாடங்கள் கிடைக்கின்றன. கேரளத்தின் கைட் நிறுவனம் 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் அலைவரிசையின் வாயிலாக ‘ஃபஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பெற்றது. இவையன்றி, மத்திய அரசின் தீக்ஷா தளமும் 2017 முதல் உபயோகத்தில் இருந்து வருகிறது.

பெரிய காணொளித் தளங்கள் ஒரே பாடத்தைப் பல வடிவங்களில் தயாரித்து வைக்கும் ஆற்றல் உடையவை. பார்ப்பவருடைய கருவிக்கு ஏற்ற வடிவம் தானாகவே அவரைச் சென்றடைகிறது. ஆனால், ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையில் எடுத்த பாடத்தைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் தாமே ஏற்றும்பொழுது, இவ்வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் தேர்ந்தெடுக்கும் ஒரே வடிவம் எல்லாக் கருவிகளிலும் ஓட வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருப்பது சாதாரணம். பகலில் அது பெற்றோருடன் தோட்டத்துக்குச் சென்றுவிடும். மாலையில்தான் குழந்தையின் கைக்கு வரும். மலைமடிப்புகளில் அலைத்தொடர்பும் சீராகக் கிடைப்பதில்லை. அந்தச் சிறு பொழுதில் காணொளி திறக்கவில்லையாயின், குழந்தை மறுநாள் மாலைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குச் சென்றிருக்கும். ஆகவே, காணொளியின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் பாடம் நடத்துவதன் ஒரு பகுதியே எனக் கொள்ளவேண்டும்.

சுருக்குதல் ஏன் அவசியம்?

காணொளி என்பது வினாடிக்கு 25 அல்லது 30 நிலைப்படங்கள் விரைந்து மாறும் வரிசையேயாகும். ஒவ்வொரு படமும் சிறு புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 360 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 2,30,400 புள்ளிகள் உள்ளன. நமது கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணராது. எனவே, ஒளிர்வை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகவும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாகவும் பதிவது வழக்கம். அவ்வாறு பதிந்தால் ஒரு புள்ளிக்குச் சராசரி ஒன்றரை பைட் ஆகும்.

இக்கணக்கின்படி ஒரு படத்துக்கு 3,45,600 பைட்டுகளும், 25 படங்கள் கொண்ட ஒரு வினாடிக்கு 86,40,000 பைட்டுகளும் வேண்டும். பத்து நிமிஷப் பாடத்துக்கு 5,184 மெகாபைட் தேவைப்படும். இவ்வளவையும் மலைப்பகுதியின் அலைத்தொடர்பில் அனுப்புதல் இயலாது. இதே பாடத்தைப் படத்துக்கு வினாடிக்கு 500 கிலோபிட், ஒலிக்கு வினாடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கினால், மொத்தம் ஏறக்குறைய 42 மெகாபைட்டில் அடங்கிவிடும். படத்தை மாத்திரம் நோக்கினால், இது மூலத்தின் 138-இல் ஒரு பங்கு.

இவ்வாறு சுருக்கவும், பார்க்கும்பொழுது மீண்டும் விரிக்கவும் உரிய முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். குறியாக்குதல், குறிநீக்குதல் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதற்பகுதிகளை இணைத்து இப்பெயர் அமைக்கப்பட்டது. அனுப்புபவர் எந்த முறையில் சுருக்கினாரோ, அதே முறையில் விரிக்கும் ஆற்றல் பெறுபவருடைய கருவியிலும் இருத்தல் வேண்டும். இல்லாவிடில் கோப்பு சரியாக வந்து சேர்ந்தும் படம் தோன்றாது.

சுருக்கும் விதம்

சுருக்குதலில் இரண்டு தத்துவங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பயன்படுத்துதல். இதனை வகுப்பின் வருகைப் பதிவைக் கொண்டு விளக்கலாம். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாள்தோறும் நாற்பது பெயர்களையும் எழுதுவதற்குப் பதிலாக, முதல் நாள் முழுப் பட்டியலை எழுதிவிட்டு, பின்னர் வராதவர் பெயரை மட்டும் குறித்தால் போதும். அவ்வாறே, காணொளியில் முதற்படம் முழுமையாகப் பதியப்படுகிறது. தொடர்ந்து வருவனவற்றில் மாறிய பகுதிகள் மாத்திரம் பதியப்படுகின்றன. கரும்பலகை அசைவதில்லை, ஆசிரியரின் கை மட்டும் அசைகிறது. ஆகவே வகுப்பறைக் காணொளி மிக நன்றாகச் சுருங்கும்.

இவ்வாறு முழுமையாகப் பதியப்படும் படத்துக்குச் ‘சாவிப்படம்’ என்று பெயரிடலாம். இடையிடையே சாவிப்படம் இல்லாவிடில், மாணவர் பாடத்தின் நடுப்பகுதிக்குச் செல்ல விரும்பும்பொழுது கருவி முந்தைய படங்களையெல்லாம் விரித்துப் பார்த்தாக வேண்டும். இரண்டு வினாடிக்கு ஒரு சாவிப்படம் அமைப்பது நல்ல வழக்கம்.

இரண்டாவது தத்துவம், ஒரே படத்துக்குள் உள்ள ஒற்றுமையைப் பயன்படுத்துதல். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் அலை வடிவங்களின் கூட்டாக மாற்றினால், பெரும்பாலான செய்தி ஒரு சில எண்களிலேயே அடங்கிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய எண்களை விட்டுவிடலாம். இதற்கு உதவும் ‘தனித்த கொசைன் மாற்றம்’ என்னும் கணித முறையைப் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது அமெரிக்காவில் பணியாற்றியபொழுது கருதினார். 1972-இல் இவ்வாராய்ச்சிக்குப் பண உதவி கோரிய அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. எனினும் அவர் முயற்சியைக் கைவிடாமல், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் இம்முறையையோ, இதிலிருந்து தோன்றிய முறைகளையோ சார்ந்தே சுருக்கப்படுகின்றன.

பெட்டி வேறு, சரக்கு வேறு

கோப்பின் பெயர் ‘எம்பி4’ என்று முடிந்தால் அது எங்கும் ஓடும் என்று பலரும் கருதுகின்றனர். இது சரியன்று. எம்பி4 என்பது பெட்டியின் பெயர். உள்ளிருக்கும் சரக்கின் பெயரன்று. தேயிலைப் பெட்டிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றில் இலைத்தேயிலையும் மற்றொன்றில் தூளும் இருக்கலாம். அதுபோலவே, ஒரே எம்பி4 பெட்டிக்குள் பழைய முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம். புதிய முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம்.

ஆகவே, ஒரு காணொளியைப் பற்றி மூன்று விஷயங்களை நாம் தனித்தனியே அறிய வேண்டும். ஒன்று, பெட்டி யாது என்பது. இரண்டு, படம் எம்முறையில் சுருக்கப்பட்டது என்பது. மூன்று, ஒலி எம்முறையில் சுருக்கப்பட்டது என்பது. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி என்னும் செயலியைக் கணினியில் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலிலுள்ள ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்னும் பகுதியைப் பார்த்தால் படம், ஒலி ஆகிய இரண்டின் முறைகளும் தெரியவரும்.

வழக்கிலுள்ள முறைகள்

படத்துக்குரிய முறைகளுள் இன்று மிகப் பரவலானது எச்.264. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்புகளும் சேர்ந்து 2003-இல் இதனை வகுத்தன. இதற்கு அடுத்த தலைமுறையான எச்.265 அல்லது எச்இவிசி 2013-இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே தரத்தைத் தர வல்லது. கூகுள் நிறுவனம் 2010-இல் விபி8 முறையையும் வெப்எம் பெட்டியையும், 2013-இல் விபி9 முறையையும் வெளியிட்டது. பல நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு 2018-இல் ஏவி1 முறையை வெளியிட்டது.

ஒலிக்குரிய முறைகளுள் எம்பி3 1993-இலும், ஏஏசி 1997-இலும் தரங்களாயின. 2012-இல் வந்த ஓபஸ், மனிதக் குரலை மிகக் குறைந்த அளவில் தெளிவாகத் தருகிறது.

இத்தனை முறைகள் இருப்பதேன் என்று கேட்கலாம். காப்புரிமையே இதற்கு முக்கிய காரணம். எச்.264 போன்றவற்றில் பல நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அவற்றுக்குத் தொகை செலுத்த விரும்பாதவர்கள் தடையற்ற முறைகளை உருவாக்கினர். இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 தரம் 2014-இல் முடிவு செய்யப்பட்டபொழுது, காணொளிக்கு இடமளித்ததேயன்றி இன்ன கோடெக் வேண்டும் என்று விதிக்கவில்லை. ஒருமித்த கருத்து ஏற்படாமையே காரணம். எனினும் நடைமுறையில் எச்.264 வென்றது. பார்வையாளருக்கு இலவசமாக வழங்கப்படும் இணையக் காணொளிக்கு உரிமத்தொகை வாங்குவதில்லை என்று அதன் உரிமங்களை நிர்வகித்த எம்பெக் எல்ஏ 2010-இல் அறிவித்தது. அதனை விரிக்கும் மென்பொருளைத் தன் செலவில் யாவருக்கும் வழங்குவதாகச் சிஸ்கோ நிறுவனம் 2013-இல் அறிவித்தது; ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அதனை ஏற்றுக்கொண்டது.

கருவிகளின் ஆற்றல்

ஆண்ட்ராய்டு இயக்கமுறைமை எச்.264-இன் அடிப்படை வகையைத் தொடக்கமுதலே விரிக்க வல்லது. விபி9 முறைக்கு 4.4-ஆம் பதிப்பும், எச்இவிசி, ஓபஸ் ஆகியவற்றுக்கு 5.0-ஆம் பதிப்பும், ஏவி1 முறைக்கு 10-ஆம் பதிப்பும் வேண்டும். ஆப்பிள் கருவிகள் 2017 முதல் எச்இவிசியை ஏற்கின்றன. ஆனால் வெப்எம் பெட்டியை அவற்றின் சஃபாரி உலாவி பல ஆண்டுகள் ஏற்கவில்லை. மற்ற உலாவிகளில் எச்இவிசி ஓடுவது கருவியின் சில்லையும் இயக்கமுறைமையையும் பொறுத்தது.

இங்கு மற்றொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு முறையை விரிப்பதற்கென்றே அமைந்த பகுதி கைப்பேசியின் சில்லில் இருந்தால் வேலை எளிதாக நடைபெறும். அப்பகுதி இல்லாவிடில், பொதுவான கணிப்புப் பகுதியே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அப்பொழுது படம் தடைப்பட்டு ஓடும், கைப்பேசி சூடேறும், மின்கலம் விரைவில் தீரும். ஏவி1 கோப்பு மலிவான பழைய கைப்பேசியில் ‘ஓடுகிறது’ என்ற அளவில் மகிழ்ந்துவிடலாகாது. பாடம் முடியும்வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் நெறி

புதிய முறைகள் தரவுச் செலவைக் குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை. தரவுக்குப் பணம் செலுத்தும் ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய நன்மையன்று. ஆயினும், திறக்காத கோப்பு எவ்வளவு சிறிதாயினும் பயனில்லை. ஆகவே, ஊரில் உள்ள மிகப் பழைய கருவியை அளவுகோலாகக் கொண்டே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இதன்படி கீழ்க்கண்ட முறைகளைச் சிபாரிசு செய்யலாம்.

1. ஒரே கோப்பு மட்டும் வைக்க முடியுமானால், எம்பி4 பெட்டியில் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் வைக்க. படத்துக்கு ‘மெயின்’ வகை போதுமானது. மிகப் பழைய கைப்பேசிகள் இருப்பின் ‘பேஸ்லைன்’ வகையைக் கொள்க.

2. நிறப்பதிவு 8 பிட் அளவில் இருக்கட்டும். சில புதிய கைப்பேசிகள் 10 பிட் அளவில் பதிகின்றன, எச்.264-இல் அவ்வாறு பதிந்ததைப் பெரும்பாலான சில்லுகள் விரிப்பதில்லை.

3. படத்தின் அளவு 640-க்கு 360 புள்ளிகள். கரும்பலகையில் சிறிய எழுத்து இருப்பின் சற்றுக் கூட்டலாம். ஆனால் எழுத்தையே பெரிதாக எழுதுவது இதனினும் நல்லது.

4. தரவைக் குறைக்க வேண்டின் முதலில் படத்தைக் குறைக்க. குரலைக் குறைக்க வேண்டா. படம் சற்று மங்கினாலும் மாணவர் பொறுத்துக்கொள்வர். சொல் விளங்காவிடில் பாடம் இல்லை. குரலுக்கு ஒற்றைத்தட ஒலியே போதும்.

5. கோப்பின் அட்டவணைப் பகுதியை முன்னால் வைக்க. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்குள்ளது என்று கூறும் அட்டவணை, பெரும்பாலும் கோப்பின் இறுதியில் எழுதப்படுகிறது. அது கிடைக்கும்வரை காணொளி தொடங்காது. தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில் இதுவே பெருந்தடையாகிறது. ஹேண்ட்பிரேக் என்னும் இலவசச் செயலியில் ‘வெப் ஆப்டிமைஸ்ட்’ என்ற கட்டத்தைக் குறித்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும்.

6. இணையப் பக்கத்தை அமைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு கோப்புகளை வரிசையாகக் குறிக்கலாம். உலாவி மேலிருந்து கீழாகப் பார்த்து, தன்னால் விரிக்கத்தக்க முதற்கோப்பை எடுத்துக்கொள்ளும். எனவே, விபி9 படமும் ஓபஸ் ஒலியும் கொண்ட சிறிய கோப்பை முதலிலும், எச்.264 கோப்பை இறுதியிலும் வைக்க. கோடெக்கின் பெயரையும் உடன் குறிப்பிட்டால், ஏற்காத கோப்பைப் பதிவிறக்காமலேயே உலாவி தள்ளிவிடும்.

7. பாடத்தின் ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும் வைக்க. வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் பத்து நிமிஷ ஒலி 4.8 மெகாபைட்டே ஆகும். படம் வராத மாலையில் குழந்தை கேட்டாவது படிக்கும்.

8. மூலக் கோப்பை அழித்துவிட வேண்டா. சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். வடிவத்தை மாற்ற வேண்டிவரின், எப்பொழுதும் மூலத்திலிருந்தே தொடங்குக.

குறைகளைக் கண்டறிதல்

ஒலி கேட்டுப் படம் கறுத்திருந்தால், படத்தின் கோடெக்கைக் கருவி அறியவில்லை என்று கொள்க. ஐபோனில் எடுத்த காணொளிகள் இவ்வாறு ஆவதற்கு, அவை எச்இவிசி முறையில் பதியப்படுவதே பெரும்பாலும் காரணம். அக்கைப்பேசியின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரணப் பதிவுகள் எச்.264-இல் அமையும். படம் தோன்றி ஒலி கேட்காவிடில், ஒலியின் கோடெக்கைச் சோதிக்க. முழுவதும் பதிவிறங்கிய பிறகே ஓடத் தொடங்கினால், அட்டவணை பின்னால் இருக்கிறது. தடைப்பட்டு ஓடிக் கைப்பேசியும் சூடேறினால், சில்லின் உதவி கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்து இடையிடையே நின்று சுழன்றால், கோடெக்கில் பிழை இல்லை. வினாடிக்குரிய தரவளவே அத்தொடர்புக்கு மிகுதி.

பயிற்சி

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை மாணவருக்கும் எளிதில் விளக்கலாம். சதுரக் கட்டமிட்ட தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களை வரைந்து, ஒரு வீட்டின் உருவத்தை நிரப்பச் செய்க. ஒரு மாணவர் ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் சொல்ல, மற்றொருவர் எழுதட்டும். 64 சொற்கள் வேண்டியிருக்கும். பின்னர், ‘வெள்ளை எட்டு, கறுப்பு மூன்று’ என்று தொகுத்துச் சொல்லச் செய்க. சொற்கள் எவ்வளவு குறைந்தன என்பதைக் கணக்கிடட்டும். அடுத்து, வீட்டின் கதவை மட்டும் மாற்றி வரைந்த இரண்டாவது தாளை அளித்து, மாறியதை மட்டும் சொல்லச் செய்க. கேட்கும் மாணவர் முதல் தாளை வைத்திராவிடில் என்ன ஆகும் என்றும் வினவுக. சாவிப்படத்தின் அவசியம் அப்பொழுது தானே விளங்கும்.

களப்பணியாளர் செய்யத்தக்க பயிற்சியும் ஒன்று உண்டு. பாடத்தையோ செய்துகாட்டலையோ வெளியிடுவதற்கு முன்னர், முதல் ஒரு நிமிஷப் பகுதியைத் தனியே தயாரித்து, மூன்று கருவிகளில் திறந்து பார்க்கவேண்டும்: ஊரில் கிடைக்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று, ஐபோன் ஒன்று, பள்ளியின் கணினி ஒன்று. தம் அலுவலக அறையில் இச்சோதனையைச் செய்வது போதாது; லயத்தின் வாயிலில், அங்குக் கிடைக்கும் அலைத்தொடர்பிலேயே செய்ய வேண்டும். மூன்றிலும் படமும் குரலும் தெளிவாக வந்த பிறகே முழுப் பாடத்தையும் அதே அமைப்பில் சுருக்கி வெளியிடுக. அந்த அமைப்பின் விவரங்களைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்து வரும் ஆசிரியருக்கும் அது உதவும்.